அனைவரும் வந்தனர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு ஆளைக் கூப்பிடுவதற்காக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை வரவழைத்த ஆபீஸ் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க முடியாத இடமும் வரும். அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்ன?

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே நல்லதம்பி என்று ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்பு படித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, 1986 ஆகஸ்டு மாதம் 'வேலை நாடுவோர் பதிவகம்' என்ற ஆபீஸில் பேரைப் பதிந்து வைத்தான். அந்த ஆபீஸின் நியாயம் எளிது. முதலில் பதிந்தவனுக்கு முதலில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பதிந்த அதே மாதம் முடிவதற்குள் வந்து, 'எனக்கு இன்னும் வேலை வேண்டும்' என்று புதுப்பித்துவிட்டுப் போக வேண்டும். மாதம் தவறினால் மூப்பு போச்சு. வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

நல்லதம்பி ஐந்து முறை தவறாமல் புதுப்பித்தான். ஐந்தாவது முறை போனபோது, "உனக்கு முன்னால டைப்பிஸ்ட்டு வரிசையில பதினோரு பேருதான்யா" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதினோரு பேரை அவன் மூன்று வருஷம் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம்கூடக் கற்பித்து வைத்திருந்தான். 'வேலை வரட்டும், பொண்ணு தர்றோம்' என்று சொன்ன வீடுகளில் அந்தப் பொண்ணுகளுக்கே பொண்ணுகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. வேலை வரும் வரும் என்று வாசலைப் பார்த்திருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். முந்திரிப் பட்டறையில் மூட்டை தைக்கிற வேலை. ராத்திரிச் சோற்றை அவனே பொங்கிக்கொள்வான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது அம்மா செத்து நாலு வருஷம் ஆகியும் அவன் கைக்குப் பழகவில்லை. தினமும் கொஞ்சம் மிஞ்சும்.

இப்படியாக 2004 ஆகஸ்டு வந்தது. அவனுக்கு வயது முப்பத்தெட்டு. இந்தத் தடவை புதுப்பித்தால் வேலை அநேகமாக நிச்சயம். தவறவிட்டால் பதினெட்டு வருஷம் காற்றோடு போச்சு.

மாதம் பிறந்ததும் முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போனான். ஆபீஸ் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'சர்வர் மாற்றம் நடைபெறுகிறது. பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் காத்திருக்கவும்.'

இந்த இடத்தில் அந்த ஆபீஸின் பூர்வீகத்தை நான் சொல்லியாக வேண்டும்.

பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனபோது, திருச்சியிலிருந்து நாற்பத்து மூன்று பதிவேடுகள் லாரியில் வந்து இறங்கின. எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டுதான். பதினேழாம் பதிவேட்டைக் காணோம். பதினோரு நாள் தேடினார்கள். லாரிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில், அப்போதிருந்த அதிகாரி ஒரு நாள் தும்மி எழுந்தபோது அது கிடைத்தது. நாற்காலி தாழ்வாக இருக்கிறது என்று அதன் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியேதான் தேடச் சொல்லி உத்தரவுகளும் போட்டிருந்தார்.

அன்று பிறந்தது 'முழு வருகை விதி'. தினமும் காலையில் நாற்பத்து மூன்று பதிவேடுகளும் அதிகாரியின் மேசைக்கு வர வேண்டும். அவர் பார்த்து, பச்சை மையில் 'அனைவரும் வந்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே எந்தப் பதிவேட்டையும் பிரிக்கலாம். ஒருவனுடைய பேரைப் பார்க்க வேண்டுமானாலும் எல்லாருடைய பேரும் முதலில் மேசைக்கு வந்தாக வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பேர்களை எல்லாம் அதில் ஏற்றினார்கள். விதியையும் சேர்த்தே ஏற்றினார்கள். திரையில் படிவத்தைத் திறந்தால் முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் வந்ததும், 'அனைவரும் வந்தனர்' என்று பச்சை எழுத்தில் ஒரு பெட்டி எழும்பும். அதிகாரி வந்து தன் விரலால் அழுத்துவார். பேர்கள் எல்லாம் அதே மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததால் வெற்றிலை போடுகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். யாருக்கும் ஒரு குறையுமில்லை.

அப்புறம் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கம்ப்யூட்டருக்கென்று அங்கே ஒரு குளிர்சாதன அறை கட்டினார்கள். அடுத்த வருஷமே, வேண்டாம் என்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அதிகாரி திரும்பி வந்தார். மேசை நாற்காலிகள் திரும்பி வந்தன. அறையால் மட்டும் வர முடியவில்லை. கட்டிய அறையைச் சும்மா விடக் கூடாது என்று ஒரு பெரிய சர்வர் பெட்டியை வாங்கி அதற்குள் வைத்து, பேர்களை எல்லாம் அங்கே குடியேற்றினார்கள். அதுதான் அந்த 'மாற்றம்'. பெட்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கித் திறப்பு விழா நடத்தினார்கள்.

அந்த விழாவில் பதிவக அலுவலர் மணிவேல் பேசிய பேச்சை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு.

"இதுநாள் வரைக்கும் தகவலும் சேவையும் ஒரே ரூம்ல கிடந்துச்சு. அதனால பொதுமக்கள் டக்குனு வந்து டக்குனு போயிட்டாங்க. ஆபீசுக்கும் மக்களுக்கும் ஒரு உறவே இல்லாம போச்சு. இனிமே தகவல் அரியலூர்ல, சேவை பெரம்பலூர்ல. நடுவுல முப்பது கிலோமீட்டர். இதுதான் முன்னேற்றம்!"

ஆக, பேர்கள் அரியலூரில். படிவம் பெரம்பலூரில். நடுவில் ஒரு டெலிபோன் கம்பி. படிவத்தை மட்டும் யாரும் தொடவே இல்லை. அது பழைய படிவம், பழைய பழக்கம். திறந்ததும் எல்லாரும் வர வேண்டும். மேசைக்குள்ளிருந்து வந்தவர்கள் இப்போது கம்பி வழியாக, ஒற்றையடிப் பாதையில் திருவிழாக் கூட்டம் போல, முண்டியடித்து வர வேண்டியிருந்தது.

ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமைதான் அட்டையைக் கழற்றினார்கள். மாதம் முடிய அந்த வெள்ளியை விட்டால் திங்களும் செவ்வாயும் மட்டும். நல்லதம்பி ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, அரியலூர் தாண்டி, பத்து மணிக்குப் பெரம்பலூரில் இறங்கினான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்திருந்த சொல்லே 'பெரம்பலூர் ஒண்ணு' என்று கண்டக்டரிடம் சொன்னது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் ஹஃபீசா உட்கார்ந்திருந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள். புருஷன் குவைத்தில்.

"நம்பர் சொல்லுங்கண்ணே."

"எண்பத்தாறு, ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு."

"செத்த உக்காருங்க. இப்பதான் வர ஆரம்பிச்சிருக்காங்க."

"யாரு?"

"எல்லாரும்."

திரையின் அடியில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு, நானூற்றுப் பத்து. மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து. பக்கத்தில் நாற்பது பேர் பெஞ்சிகளில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தே காலுக்குள் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழைத் தாண்டியது.

நல்லதம்பி எழுந்தான். "தங்கச்சி, நான் வந்துட்டேன்போல இருக்கே?"

"வந்துட்டீங்க. ஆனா மத்தவங்க வரணும். எல்லாரும் வந்தாத்தான் பெட்டி எழும்பும். சார் வந்து அமுக்குவாரு."

"நானும் அரியலூர் வழியாத்தானே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறங்கி எம்பேரைக் கையோட வாங்கியாந்திருப்பேனே."

ஹஃபீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தான் சொன்னதற்கு ஒருத்தர் சிரித்து அவன் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அன்றைக்குக் காத்திருந்தது அவனுக்கு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

மத்தியானம் எண் எழுபத்தோராயிரத்தில் இருந்தபோது, உள்ளறையில் மணிவேல் டெலிபோனை எடுத்தார். 'எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்' என்று அரியலூரில் விசாரித்து மத்தியானம் ஒருமுறை குறிப்பு எழுத வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு. ஆபீஸுக்கு இருந்தது ஒரே கம்பி. அவர் போனை எடுத்ததும் கம்பி அறுந்தது. எழுபத்தோராயிரம் பேரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். திரையில் எண் மறுபடி சுழி.

"ஏம்மா ஹஃபீசா, லைன் கட்டாயிடுச்சா?"

"நீங்க போனை எடுத்தீங்க சார், அதான்..."

"எத்தன பேரு வந்திருக்காங்கன்னு கேக்கத்தான்மா போனை எடுத்தேன்! கேக்காம விட முடியுமா?"

வெள்ளிக்கிழமை போயிற்று.

திங்கட்கிழமை ஹஃபீசா ஒரு காரியம் செய்தாள். டெலிபோன் மேல் துணியைப் போர்த்தி, 'பழுது' என்று எழுதி வைத்துவிட்டாள். அன்று மூன்றே முக்காலுக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தாவது ஆளும் வந்து சேர்ந்தார். பச்சைப் பெட்டி எழும்பியது. பெஞ்சிகளிலிருந்து ஒரு பெருமூச்சு. மணிவேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து, சுவாமிக்குப் பூ வைக்கிற பக்தியோடு ஒரு விரலால் அழுத்தினார்.

வரிசை நகர்ந்தது; முன்னால் நின்றவர்கள் எல்லாம் அட்டை வாங்க வந்தவர்கள். நல்லதம்பியின் முறை வரும்போது நாலு இருபது. ஹஃபீசா அவன் பேரைத் திறந்தாள்.

"அப்பா பேரு?"

"வேலாயுதம். அங்கயே இருக்கே தங்கச்சி, எம்பேருக்குக் கீழ."

"இருக்குண்ணே. ஆனா புதுப்பிக்கறப்ப பட்டியல்லேருந்து மறுபடி எடுக்கணும். யாரும் கையால டைப் அடிக்கக் கூடாது. தப்பு வந்துருமாம்."

அந்தக் கட்டத்தைத் தட்டினாள். மாவட்டத்திலுள்ள அப்பாக்கள் எல்லாரும் அரியலூரிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். அறுபத்தோராயிரம் அப்பாக்கள். அகர வரிசையில். அய்யாக்கண்ணுகள் வந்தார்கள், ஆறுமுகங்கள் வந்தார்கள், கலியபெருமாள்களே நாலு நிமிஷம் வந்தார்கள். நல்லதம்பி திரையைப் பார்த்தபடி நின்றான். அவன் அப்பா அவனுக்கு ஆறு வயசிலேயே இறந்துபோனவர். வந்துகொண்டிருக்கிற அப்பாக்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், எத்தனை பேர் சாயங்காலம் வீட்டுக்குப் போய், 'என்னடா ஆச்சு உன் வேலை' என்று மகனைக் கேட்பார்கள் என்று அவனுக்கு ஒரு யோசனை ஓடியது.

"ஏந்தம்பி, சொந்த அப்பனைக் கண்டுபுடிக்க இம்மா நேரமா?" டீ டம்ளர் பொறுக்க வந்த பாப்பாயி கேட்டாள். ஆபீஸ் வளாகத்தில் டீக்கடை போட்டிருப்பவள்.

"எங்கப்பா வ-னாவுல இருக்காருக்கா. கடைசியிலதான் வருவாரு."

'ம' வரும்போது ஐந்து மணி அடித்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து, கடமை தவறாமல் மெயின் சுவிட்சை அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை. மாதத்தின் கடைசி நாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு நல்லதம்பி வந்து நின்றான். ஹஃபீசா அவனை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று எண் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ பின்பக்கம் கம்பியை மிதித்துவிட, ஒரு மணிக்கு எல்லாம் சுழியாகிவிட்டது. மணிவேல் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

"அண்ணே, இங்க வாங்க" என்றாள் மெதுவாக. "நானே செஞ்சு வெச்சது ஒண்ணு காட்டறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க."

திரையில் இன்னொரு படிவத்தைத் திறந்தாள். வெறும் வெள்ளை. நடுவில் ஒரே ஒரு கட்டம். ஒருவரும் வரவில்லை. எண்ணும் ஓடவில்லை.

"என்னம்மா இது, காலியா கெடக்கு?"

"காலியாத்தான் தொறக்கணும்ண்ணே. பேருங்க பக்கத்து ரூம்ல இருந்தப்ப எல்லாரையும் கூப்பிட்டோம், சரி. இப்ப அவங்க தூரமாப் போயிட்டாங்க. தூரத்துல இருக்கறவங்கள்ல ஒருத்தர் வேணும்னா ஊரையே கிளப்பிட்டு வரச் சொல்லுவாங்களா? எங்க வூட்டுக்காரர் கூட ஒரு ரூம்ல பதினெட்டு பேரு. நான் போன் போட்டா அவரை மட்டுந்தான் கூப்பிடுவேன். நம்பரை மட்டும் இங்கேருந்து அனுப்பணும். அந்த ஒரு ஆளை மட்டும் அங்கேருந்து வாங்கணும். அப்பா பேரு முன்னாடியே இருக்கா, அதைத் திருப்பிக் கேக்கக் கூடாது. அம்புட்டுதான்."

"இதை சார்கிட்ட சொன்னியா?"

"கதவுல அட்டை தொங்கறப்பவே மூணு தடவ எழுதிக் குடுத்தேன். 'இளம் வயசு, அவசரம்'னு எழுதித் திருப்பிட்டாரு."

கட்டத்தில் அவன் நம்பரை அடித்தாள். நல்லதம்பி மூச்சை இழுத்தான். விடுவதற்குள் திரையில் அவன் பேர் நின்றது. நல்லதம்பி. த/பெ வேலாயுதம். பதிந்த நாள், படிப்பு, ஊர். சுற்றிலும் வெள்ளை. முன்னும் பின்னும் ஒருவருமில்லை.

பதினெட்டு வருஷமாக அவன் பேரை அவன் பட்டியலில்தான் பார்த்திருக்கிறான். மேலே ஒருவன், கீழே ஒருவன் நசுக்க, நடுவில். இப்படித் தனியாக, இடம்விட்டுப் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"புதுப்பிச்சாச்சு" என்றாள் ஹஃபீசா. "போங்கண்ணே, போயி சாப்பிடுங்க."

அவன் போயிருக்க வேண்டும் கண்ணுகளா. அங்கேதான் தப்புச் செய்தான். இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நின்றான். அந்த நேரம் பார்த்து மணிவேல் ஏப்பம் விட்டபடி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"மத்தவங்க எங்க?"

"சார், இது வந்து..."

"மத்தவங்க எங்கம்மா? ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் பேரு இருந்த எடத்துல ஒருத்தன் நிக்கறான்! மிச்ச பேரு என்ன ஆனாங்க?"

ஓடிப்போய் டெலிபோன் மேலிருந்த துணியை இழுத்து எறிந்தார். அரியலூர் அறைக்குக் காவலிருந்த செல்லப்பனைப் பிடித்தார். "யோவ் செல்லப்பா, எல்லாரும் உள்ள இருக்காங்களா பாருய்யா!" செல்லப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொட்டி இருக்குங்க சார், பச்ச லைட்டு எரியுதுங்க, ஆளுங்க யாரும் இல்லீங்க" என்றான். மணிவேல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹஃபீசா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். யாரும் தொலையவில்லை, எல்லாரும் அரியலூரில் பத்திரமாக இருக்கிறார்கள், இவரை மட்டும்தான் கூப்பிட்டேன் என்று. அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேச்சும் வந்தது. பெஞ்சியில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஒருத்தனை மட்டும் கூப்பிட்டா மத்தவன் மனசு என்ன பாடுபடும்? இது மக்களாட்சி. இந்த ஆபீசுல யாரும் தனி ஆளு இல்ல. ஒருத்தன் வேலைக்கு எல்லாரும் வரணும், எல்லாரும் காத்திருக்கணும். அதுக்குப் பேருதான் சமத்துவம். ரெண்டு நொடியில வேலை முடிஞ்சுட்டா இந்தப் பெஞ்சி எதுக்கு? இந்த ஃபேன் எதுக்கு? நான் எதுக்கு?"

 கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவருக்கே ஒரு கணம் கலங்கியது போலிருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"முழு வருகை இல்லாம செஞ்ச புதுப்பிப்பு செல்லாது. ரத்து பண்ணும்மா."

"சார், இன்னிக்குக் கடைசி நாளு சார். பதினெட்டு வருஷ மூப்பு."

நல்லதம்பி கும்பிட்டான். "சார், எனக்கு முன்னால பதினோரு பேருதான் சார்."

"அந்தப் பதினோரு பேரும் வரட்டும்யா, மத்தவங்களும் வரட்டும். அப்பறம் உனக்குச் செஞ்சு தரேன். நான் மாட்டேன்னா சொன்னேன்?"

ரத்து செய்யவும் இரண்டே நொடிதான் ஆயிற்று. அந்தச் சின்னப் படிவத்தை அந்த ஆபீஸ் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தியது அந்த ஒரே முறைதான். பிறகு அதை அழித்துவிட்டார்கள்.

இரண்டே காலுக்குப் பழைய படிவத்தைத் திறந்தார்கள். ஒன்று, பத்து, நூறு என்று பேர்கள் புறப்பட்டார்கள். நல்லதம்பி பெஞ்சியில் உட்கார்ந்தான். இரண்டரை ஆவதற்குள் அவன் பேர் வந்து போயிற்று. அவன் தலையை நிமிர்த்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்கள் வேறு வேலையாக வந்தவர்கள்; அவர்களுக்குக் கெடு அன்றில்லை. ஐந்து மணிக்கு எண் ஐம்பத்து நாலாயிரத்தில் நின்றது. சுவிட்சு அணைந்தது.   ஹஃபீசா பையை எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போய்விட்டாள்.

மறுநாள் மணிவேல் அவனிடம் ரொம்பவும் பிரியமாகப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, பாவம்.

"கவலப்படாதய்யா. மூப்புதான் போச்சு, பதிவு போவல. புதுசா சேத்துக்கறேன். ஒன்ன எடுத்தா ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தி நாலு. திருப்பிச் சேத்தா நாப்பத்தி அஞ்சு. பாத்தியா, மொத்தம் அப்படியே இருக்கு. ஒரு நஷ்டமும் இல்ல."

இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழாவது ஆள், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தாவது ஆளாக வரிசையின் வாலில் போய் நின்றான்.

அதே வாரம் படிவத்தின் தாமதத்தை ஆராய ஒரு கூட்டம் போட்டார்கள். ஆட்கள் அதிகமாவதால்தான் தாமதம் என்று கண்டுபிடித்தார்கள். 'மறு உத்தரவு வரும்வரை புதிதாக யாரையும் பதியக் கூடாது' என்று ஆணை வந்தது. ஆக, அந்த மாவட்டத்தில் வேலை கேட்டுப் பேர் பதிந்தவர்களில் கடைசி ஆள் நல்லதம்பி. அவனுக்குப் பின்னால் ஒருவருமில்லை.

மூன்று மாதத்தில் ஹஃபீசா வேலையை விட்டுவிட்டுப் புருஷனிடம் குவைத்துக்குப் போனாள். போகுமுன் அவனுக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள்: 'அண்ணே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அவனுக்கு வந்த கடிதங்களில் ஆபீஸ் முத்திரை இல்லாத ஒரே கடிதம் அதுதான்.

புதிய அடையாள அட்டை வாங்க ஒரு திங்கட்கிழமை அவன் மறுபடி அந்த ஆபீஸுக்குப் போனான். கம்ப்யூட்டர் முன்னால் வேறு ஒரு பையன். பெஞ்சிகளில் வேறு முகங்கள். மூன்றரை மணி இருக்கும். எண் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதும் பெஞ்சிகளில் சலசலப்பு. எல்லாரும் எழுந்து திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள். முந்நூறு. முந்நூற்று நாற்பது. ஒரு கைக்குழந்தைக்காரி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். கடைசி வரி திரையில் விழுந்ததும் அந்தப் பையன் உரக்கக் கத்தினான்:

"நல்லதம்பி வந்துட்டாரு!"

"வந்துட்டான்யா, வந்துட்டான்!" அறையே ஆர்ப்பரித்தது. யாரோ கைதட்டினார்கள். பச்சைப் பெட்டி எழும்பியது. கவுண்டரை நோக்கி எல்லாரும் முண்டியடித்து ஓடினார்கள்.

நல்லதம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அட்டை வாங்காமலே திரும்பினான். அடுத்த திங்கட்கிழமையும் வந்தான். பட்டறைக்குத் திங்கள் விடுமுறை. அதற்கடுத்த திங்களும் வந்தான். இத்தனை பேர், இத்தனை நேரம், இத்தனை ஆவலோடு ஒருத்தனுடைய வரவுக்காகக் காத்திருக்கும் இடம் இந்த உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அவன் பேசாமல் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பான். ஒன்றுமே கேட்க மாட்டான். நல்லதம்பி வந்ததும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவான்.

ஒரு திங்களன்று கம்பி இரண்டு முறை அறுந்து, நாலரை மணி ஆகியும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. பெஞ்சிகளில் எரிச்சல் ஏறிவிட்டது. பாப்பாயி டீத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாராவாரம் பார்க்கிறவள்; அவனை ஆள் தெரியும், பேர் தெரியாது.

"யாருய்யா அந்த நல்லதம்பி?" என்றாள். "மூதேவி! ஒரு லட்சம் பேரு ஒழுங்கா வந்துடறாங்க, இந்த ஒருத்தன் தெனமும் கடைசியா வந்து கழுத்தறுக்கறான். அவன் நேரத்தோட வந்தா இந்தச் சனம் எப்பவோ வூடு போயிருக்கும். புள்ள குட்டி இருக்கறவனா இருந்தா அடுத்தவன் அவசரம் தெரியும்."

பெஞ்சியிலிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஒருவன், "கையில கெடச்சான்னா இருக்கு அவனுக்கு" என்றான்.

நல்லதம்பி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். திரையைப் பார்த்தான். எண் ஓடிக்கொண்டிருந்தது.

"தூரத்துலேருந்து வரான்போல இருக்குக்கா" என்றான். "ஜெயங்கொண்டத்துக்கு அந்தாண்டயிருந்து. பஸ்ஸு கெடச்சிருக்காது, பாவம்."

"ஆமா, நீ ஒருத்தன் வக்காலத்து வாங்கு" என்று சொல்லிவிட்டு, பாப்பாயி தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், உங்கள் வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பானையில் போடுகிற அரிசி, உட்கார்ந்து தின்ன ஆள் இருக்கிற அளவுக்கு வேகட்டும். நீங்கள் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், 'வந்துட்டியா' என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க அந்த வாசலில் ஒருத்தர் இருக்கட்டும். போய் வாருங்கள், நல்லா இருங்கள்.